செவிட்டுக் கோழி

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள்: உங்கள் வீட்டில் கோழியை எப்படிக் கூப்பிடுவார்கள்? மருமகள் முன்னால் வாயே திறக்காதவர்கூட உடனே உதட்டைக் குவித்துவிடுவார். ஒருவர் 'பா... பா... பா' என்பார். இன்னொருவர் நாக்கைச் சொடுக்கிக் காட்டுவார். நம் தீவில் எத்தனை பாஷையோ அத்தனை கூப்பாடு. அது அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை. அதனால்தான் ஒரு நல்ல கோழிக்குச் 'செவிடு' என்று பெயர் வைத்தோம்.

என் அம்மா இந்தத் தீவில் தங்கியது அந்தக் கோழியால்தான். ஆகவே கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கிவிட்டு வந்து உட்காருங்கள்.

அப்பா எங்களுக்கு முன்பே தீவுக்கு வந்துவிட்டவர். ரோடு போடுகிற கான்ட்ராக்டரிடம் மேஸ்திரி. அம்மாவும் நானும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மெட்ராஸுக்கு ரயிலேறி, அங்கே கப்பலேறி வந்து சேர்ந்தோம். கப்பலில் வந்த நம் தாய்மார்கள் எல்லோரிடமும் ஒரே கதைதான். ஏறியது தெரியும், இறங்கியது தெரியும், நடுவில் எல்லாம் வாந்தி.

பெரார்கஞ்சிலிருந்து கொஞ்சம் உள்ளே, வயலோரத்தில், மரக்கால்கள் மேல் நின்ற பலகை வீடு. தகரக் கூரை. தரைப் பலகையின் இடுக்கு வழியாகப் பார்த்தால் கீழே மண் தெரியும்.

"ஏங்க, தரையில கால் ஊணாத வீடா? இதுல எப்படிங்க குடும்பம் நடத்துறது?" என்றாள் அம்மா.

"மழை வரட்டும். அப்புறம் தரையிலயா இருக்கணும்னு நீயே கேப்ப" என்றார் அப்பா.

மழை வந்தது. தீவு மழை உங்களுக்குத் தெரியாததா? துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, பேசினால் தகரச் சத்தத்தில் காதில் விழாது. அம்மா முதல் வாரத்திலேயே முடிவு சொல்லிவிட்டாள். "மழை விட்டதும் வர்ற முதல் கப்பல்ல எங்கள ஏத்தி விட்டுருங்க. எனக்கு இங்க ஆகாது." அப்பா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே "சரி" என்றார். அவர் எதற்கும் 'சரி' என்கிற மனிதர். எனக்கோ, பிறந்ததிலிருந்து போட்டோவில் பார்த்த அப்பாவின் தோள் அப்போதுதான் ஏறி உட்காரக் கிடைத்திருந்தது.

அம்மாவிடம் பச்சை பெயின்ட் அடித்த டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. மூடியில் ஒரு ரோஜாப்பூ. அவள் அதைக் காலி செய்யவே இல்லை. சேலையை எடுத்து உடுத்துவாள், துவைப்பாள், அரை ஈரத்தோடு மடித்துத் திரும்பப் பெட்டியிலேயே வைப்பாள். சுவரில் அப்பா ஆணியடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். அது வெறும் கயிறாகவே தொங்கியது.

கிணறு பொதுக் கிணறு. அங்கே வருகிற பெண்கள் பெங்காலி, தெலுங்கு, மலையாளம் என்று பல வீட்டுக்காரர்கள். ஒருவரோடு ஒருவர் பேசுவது ஹிந்தியில். அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் வராது. போவாள், சிரிப்பாள், இறைப்பாள், வருவாள். நான் பிள்ளைகளோடு விளையாடியதில் சீக்கிரமே அரைகுறை ஹிந்தி பிடித்துக்கொண்டேன். அப்படி ஒருநாள் ஒரு சொல்லைக் கேட்டு ஓடிவந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "அம்மா, கிணத்துல எல்லாரும் உனக்குப் பேரு வச்சிருக்காங்க. கூங்கி!"

"கூங்கியா?" அம்மா யோசித்தாள். அவள் நெற்றியில் எப்போதும் காலணா அகலத்துக்குக் குங்குமம் இருக்கும். சட்டென்று முகம் மலர்ந்தது. "குங்குமத்தச் சொல்றாளுக போலத்தா. குங்குமக்காரின்னு!"

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் கேட்டாள். அப்பாவின் வாயில் சோறு அப்படியே நின்றது. பிறகு மென்று விழுங்கிவிட்டு, "ஆமா, குங்குமந்தான்" என்றார். மறுநாளிலிருந்து அம்மா பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனாள்.

எங்கள் வயலுக்கு அப்பால் ஓர் ஓடை. எல்லோரும் நாலா என்பார்கள். நாலாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெங்காலி அம்மாள் வீடு. எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் மாஷி, அதாவது சித்தி. கூட்டம் கலைந்த பிறகுதான் தண்ணீருக்கு வருவார். அம்மாவைக் கிணற்றில் பார்த்தால் மாஷி வாயைத் திறக்க மாட்டார். கையால் 'சாப்பிட்டாயா' என்பார். விரலால் மழையைக் காட்டி முகத்தைச் சுளிப்பார். ஒருநாள் முந்தானையில் முடிந்து வெல்லம் போட்ட பொரி உருண்டை கொண்டுவந்து, அம்மாவின் கையில் வைத்துக் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அம்மாவும் பதிலுக்குக் கையாலேயே பேசுவாள். வீட்டுக்கு வந்ததும், "பாவம்த்தா, தங்கமான பொம்பள. ஆண்டவன் வாயக் குடுக்கல பாரு" என்பாள். மாஷி என்னோடு பேசுவாரே என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பிள்ளைக்கூட்டம் அவர் வீட்டுப்பக்கம் போனது அதற்கு வெகுநாள் கழித்துத்தான். அந்த மழையில் நாலாவைத் தாண்ட எந்தத் தாய் விட்டாள்?

இனிமேல் கோழி.

மழைக்கு நடுவே ரெண்டு நாள் வெயில் அடித்தது. ரோடு வேலை நின்றுபோய், தார் டிரம்கள் ஓரமாகக் கிடந்தன. அதில் ஒன்று பொத்தலாகி, வெயிலில் இளகி, தார் வழிந்து குட்டை போல நின்றது. அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பார்த்தேன். குட்டைக்கு நடுவே ஒரு கறுப்புக் குவியல். அது கண்ணை மூடித் திறந்தது.

நான் போட்ட சத்தத்தில் அப்பா ஓடிவந்தார். பலகையைப் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, கோழியைப் பிடித்து மெல்ல மெல்லப் பெயர்த்தார். ஒரு பக்க இறகு தாரோடு போய்விட்டது. கோழி கத்தவில்லை. கத்தத் தெம்பு இல்லை.

அம்மா அதைப் பார்த்ததும், "இதென்ன கோழியா, கீலு பூசுன தோணியா?" என்றாள். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, கந்தல் துணியில் தொட்டு, கண், மூக்கு, அலகு என்று துடைக்க ஆரம்பித்தாள். எண்ணெயும் தாரும் கலந்த அந்த வாசனை இருக்கிறதே, இன்றைக்கும் ரோடு போடுகிற இடத்தைக் கடந்தால் எனக்குத் தேங்காயெண்ணெய் ஞாபகம்தான் வருகிறது. ஒட்டிக் காய்ந்த இறகுகளைக் கத்தரியால் வெட்டினாள். ஒரு காலில் மட்டும் தார் வளையம் போல இறுகிவிட்டது. இழுத்தால் தோல் வந்துவிடும் என்று, "இருக்கட்டும், கொலுசு" என்று விட்டுவிட்டாள்.

கோழி பிழைத்தது. ஆனால் ஒட்டவில்லை. வீட்டுக்கு அடியில், கடைசி மரக்காலுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது. அம்மா அரிசி நொய்யைத் தூவி, ஊரில் கூப்பிடுகிற மாதிரி "பா... பா... பா..." என்று குரல் மாற்றி மாற்றிக் கூப்பிட்டாள். கோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தாரு காதுக்குள்ள போயிருச்சு. இது செவிடு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

அப்பா சோதித்துப் பார்த்தார். பின்னால் போய்த் தட்டைத் தட்டினார். கோழி ஒரு முழம் துள்ளியது. "பாத்தியா, காது கேக்குது."

"தரை அதிர்ந்துச்சு, அதான் துள்ளுச்சு" என்றாள் அம்மா. அப்பா "சரி" என்றார்.

ரோட்டு முனையில் டீக்கடை வைத்திருந்த மலையாளத்து மாப்பிளை முஸ்லிமை எல்லோரும் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். அம்மாவுக்கு அது ஒரு தீராத வேடிக்கை. காக்கா என்னைக் கண்டால் விடமாட்டார்.

"எந்தா மோளே, கோழிக்குச் சுகம்தன்னே?"

"சுகம்தான் காக்கா."

"நல்லோணம் தீனி குடு. மழை நிக்கட்டே, மசாலா நான் அரைச்சுத் தரும்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, அப்பாவும் ஒருநாள் அதையே சொன்னார். "கப்பல்ல கோழிய ஏத்த முடியாது. கெளம்புறதுக்கு முதநாள் கொழம்பு வச்சிருங்க." நான் கணக்குப் போட்டேன். கப்பல் வந்தால் அப்பா இல்லை, கோழியும் இல்லை. அன்றிலிருந்து நான் மழை நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்ட பிள்ளை. அந்த வருஷம் மழை நீண்டதற்கு யாராவது என்மேல் பழி போட்டால் ஒப்புக்கொள்கிறேன்.

நம் தீவு நத்தை ஞாபகமிருக்கிறதா? உள்ளங்கை பெரிசு, ஜப்பான்காரன் விட்டுப்போனது என்பார்கள். கல்லால் உடைத்துக் கோழிக்கு வைத்தேன். நான் நகர்ந்த பிறகு வந்து தின்றது. நான் எட்டிப் பார்த்தால் ஓடியது. என்னால் அதைப் பழக்க முடியவில்லை. பழக்கியது அம்மா. அதுவும் பழக்குகிறோம் என்று தெரியாமலே.

மத்தியானம் வேலை முடிந்து கீழ்ப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவாள். கோழி தூரத்தில் நிற்கும். யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு அதனிடம் பேசுவாள். நான் மேலே பலகையில் காதை வைத்துப் படுத்திருப்பேன்.

"உனக்கென்ன, காது கேக்காது. எதச் சொன்னாலும் ஊருக்குப் போயி வத்தி வைக்க மாட்ட. கேளு. இந்த மனுசன விட்டுட்டுப் போக எனக்கு ஆசையா? இல்ல. ஆனா வந்த நாளா ஒரு பொம்பள என்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசலியே. நான் என்ன, செவுரா? பேசுறதுக்கு ஆள் இல்லாம எப்படி உசுரோட இருக்குறது, நீயே சொல்லு."

கோழி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஒரு மரக்கால் முன்னால் வந்து நின்றது. அதற்கும் மறுநாள் இன்னும் பக்கம். மாமியார் வீட்டுக் கதை, ஊர்க் கண்மாய்க் கதை, செத்துப்போன தங்கச்சி கதை எல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அம்மாவின் பாதத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தது. 'பா பா' என்றால் வராது. அம்மா பேச ஆரம்பித்தால் வரும்.

ஒருநாள் காலையில் மழை ஓய்ந்திருந்தது. தகரம் சும்மா இருந்ததால் ஊரே புதிதாகக் கேட்டது. நாலாவில் தண்ணீர் இறங்கியிருந்தது. அம்மா படியில், கோழி பாதத்தில், நான் பக்கத்தில். நாலாப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆய்... ஆய்... தி தி தி தி..."

கோழி தலையைத் தூக்கியது. கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக் கூட்டத்தில் தன் பெயரைக் கேட்ட ஆள் போல ஒரு கணம் நின்றது. அப்புறம் ஓடியது பாருங்கள், பாதி முளைத்த இறகை விரித்துக்கொண்டு! நாங்கள் பின்னால் ஓடினோம். நாலாவைக் கடந்து இந்தக் கரையில், கையில் அலுமினியக் கிண்ணத்தோடு, வழிதவறிய தன் கோழிகளை வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார் மாஷி.

அம்மா மார்பில் கைவைத்து அலறினாள். "ஆத்தாடி! ஊமை பேசுது!"

மாஷியின் கிண்ணம் கீழே விழுந்தது. "ஓ மா! கூங்கி போல்தா ஹை!"

கூங்கி பேசுகிறாளே என்கிறார். சொல்லிக்கொண்டே தன் வாயைக் கையால் பொத்திக்காட்டித் தலையை ஆட்டினார். எனக்கு அப்போதுதான் அந்தச் சொல்லின் அர்த்தம் விளங்கியது: ஊமைச்சி. அம்மாவுக்கும். அவள் கை மெதுவாக நெற்றிப் பொட்டுக்குப் போயிற்று.

நான் என் அரைகுறை ஹிந்தியில் மாஷியிடம் சொன்னேன், அம்மாவும் உங்களை அப்படித்தான் நினைத்திருந்தாள் என்று. மாஷி என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அப்படியே சேற்றில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். இத்தனை நாள் ரெண்டு ஊமைகள் கையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! அம்மாவும் சிரித்தாள். கப்பலிறங்கிய பிறகு அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சிரிப்பு அடங்கியதும் மாஷி கோழியைக் கையிலெடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலிலிருந்த தார் வளையத்தை நகத்தால் சுரண்டினார். உள்ளேயிருந்து சிவப்புத் துணி எட்டிப் பார்த்தது. அவர் கட்டியிருந்த சேலையின் கரை அதே சிவப்பு. ஒவ்வொரு கோழிக்கும் அடையாளத்துக்குக் கட்டிவிடுவாராம். வெள்ளைக்கோழி. ஏதோ காட்டுப்பூனை கொண்டுபோய்விட்டது என்று விட்டிருந்தாராம். "மேரா முர்கி" என்றார் மெதுவாக.

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. "அவுகளோடதுன்னா தூக்கிட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா விறுவிறுவென்று திரும்பி நடந்து வீட்டுக்குள் போய்விட்டாள். நான் அழுதுகொண்டே நின்றேன். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது. "போ. உனக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கு. இத்தன நாளும் சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரியா உக்காந்திருந்த? கள்ளி! போ, போ..."

மாஷியின் கையில் கோழி நெளிந்தது. உதறிக் கீழே குதித்தது. நேரே போய், அதுவரை ஒருநாளும் ஏறாத படியில் ஒவ்வொன்றாகத் தத்தி ஏறி, வாசலில் போய் நின்றது.

மாஷி வாசலுக்கு வந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையின் நடுவில் விரலால் ஒரு கோடு கிழித்தார். "ஆதி... ஆதி..."

"ஆதியா? என்ன ஆதி?" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். மாஷி கோழியைக் காட்டினார், பொடிப்பொடியாகக் குஞ்சுகள் போலத் தரையில் விரலை ஓட்டினார், திரும்ப அந்தக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் உனக்கு, அந்தப் பக்கம் எனக்கு.

"பாதியா!" அம்மா கத்தினாள். "பாதி பாதி! ஏத்தா, வாரத்துக்கு விடுறதச் சொல்றாக! நம்ம ஊரு வழக்கம்த்தா இது!"

கோழியை ஒருத்தர் கொடுப்பார், ஒருத்தர் வளர்ப்பார், பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. நம் பக்கம் வாரம் என்றால் அவர்கள் பக்கம் ஆதி. மாஷி "ஆதி" என்றார், அம்மா "பாதி" என்றாள். அன்று இந்த ரெண்டு சொல்லை வைத்துக்கொண்டே ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள் என்றால் நம்ப மாட்டீர்கள்.

சாயங்காலம் அப்பா கால் கழுவும்போது அம்மா கேட்டாள். "கூங்கின்னா என்னங்க?"

செம்பிலிருந்து விழுந்த தண்ணீர் நின்றது. "மழை விட்டாப் போறவதானே, எதுக்கு மனசக் கஷ்டப்படுத்தணும்னு..."

"மொத நாளே சொல்லியிருந்தா கிணத்துல நின்னு ஒரு சத்தம் போட்டிருப்பேன். மறுநாளே எனக்கு நாலு கூட்டாளி கெடச்சிருக்கும்."

அப்பா கழுவின காலையே திரும்பவும் கழுவினார். அவர் செய்தது அன்புதான். வாயை மூடிக்கொண்டால் வலிக்காது என்று நினைத்த அன்பு. அந்தக் காலத்து ஆண்கள் பலருக்கு அதுதான் தெரிந்திருந்தது.

அப்புறம் அம்மா தினமும் நாலா தாண்டினாள். மாஷியிடம் கற்ற ஹிந்தியில் பாதி பெங்காலி, மீதி ராமநாதபுரம். கிணற்றில் அவள் வாய்க்குப் பயந்து ஆட்கள் வாளியைக் கொடுத்துவிட்டு நகர்கிற காலமும் வந்தது. பதிலுக்கு மாஷி வீட்டில் ரசம் கொதித்தது. கோழிக்குப் புது இறகு வெள்ளையாக முளைத்தது. முட்டையிட்டது. முட்டையை உடும்பு எடுத்துவிடும் என்று அம்மா ஒவ்வொன்றாக வீட்டுக்குள் பத்திரப்படுத்தினாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மழை விட்டது. என் வேண்டுதல் அதற்குமேல் செல்லவில்லை. ஒருநாள் அப்பா வேலையிலிருந்து சீக்கிரமே வந்தார். கையில் கப்பல் டிக்கெட். முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்கு விடியக் கெளம்பணும். காக்கா ஜெட்டி வரைக்கும் லாரி சொல்லியிருக்காரு. பெட்டிய எடு, கயிறு போட்டுக் கட்டிர்றேன்."

"பெட்டியத் தொடாதீங்க" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா அதற்குள் மூலைக்குப் போய்விட்டார். பச்சை டிரங்கு திறந்திருந்தது. கை வைத்தவர் "ஆ!" என்று இழுத்துக்கொண்டார். பெட்டிக்குள் வைக்கோல். வைக்கோல் நடுவே இறகைச் சிலிர்த்துக்கொண்டு வெள்ளைக்கோழி. அம்மாவின் சேலைகள் அத்தனையும் சுவர்க் கயிற்றில் தொங்கின. நானும் அப்பாவும் அப்போதுதான் அதைக் கவனித்தோம்.

"கோழி அடையில இருக்கு" என்றாள் அம்மா, கரண்டியோடு வந்து நின்று. "விட்டுட்டு எப்படிங்க வர்றது? பாதி மாஷியோடது. நான் என்ன பதில் சொல்றது?"

"அப்ப அடுத்த கப்பல்?"

"அதுக்குள்ள பொரிச்சிரும். குஞ்சப் பருந்துக்கா குடுக்கச் சொல்றீக?"

அப்பா கொத்துப்பட்ட விரலை வாயில் வைத்துக்கொண்டு சேலைகள் தொங்கிய கயிற்றைப் பார்த்தார். பிறகு லாரி வேண்டாம் என்று சொல்ல டீக்கடைக்குப் போனார். வழக்கமாக நடந்து போகிறவர், அன்று ஓடினார்.

காக்கா அரைத்து வைத்த மசாலா என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். அதில் மீன் குழம்பு வைத்து எங்களுக்கே கொடுத்தனுப்பினார்.

அம்மா கடைசிவரை இங்கேதான் இருந்தாள். மாஷியும். இப்போது என் பிள்ளைகள் மெயின்லேண்டில் இருக்கிறார்கள். போன் பண்ணும்போதெல்லாம், "தனியா அங்க என்னம்மா பண்ற, வந்துரேன்" என்கிறார்கள். நல்ல பிள்ளைகள், மனசாரத்தான் கூப்பிடுகிறார்கள். நான் வெளியே பார்க்கிறேன். நாலாவுக்கு அந்தப் பக்கமிருந்து மாஷியின் மருமகள் கிண்ணத்தோடு வந்துகொண்டிருப்பாள்.

"எப்படிடா வர்றது?" என்கிறேன். "கோழி அடையில இருக்கு."